பச்சை மீன் தின்ற பூனைக்குத் தலை ஏன் கவிழ்கிறது?

கேள்வி: எங்கள் பூனைக்குச் சில வாரங்களாகப் பச்சை மீன் மட்டுமே கொடுத்துவந்தோம். ஆவலாகத் தின்றுகொண்டிருந்தது, இப்போது முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது. தாடை நெஞ்சில் ஒட்டும்படி தலை கவிழ்ந்திருக்கிறது, நடை தள்ளாடுகிறது. கால்நடை மருத்துவர் தயமின் (வைட்டமின் பி1) குறைபாடாக இருக்கலாம் என்கிறார். மீன் தின்று வைட்டமின் குறையுமா? வீட்டிலுள்ள பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். இன்றே மருத்துவரிடம் கொண்டுபோய் தயமின் ஊசி போட்டுவிடுங்கள். மீதியை வீடு திரும்பியபின் படித்துக்கொள்ளலாம்.

சாப்பிட மறுக்கும் பூனைக்கு வாய்வழி மருந்து நம்பத்தக்கதல்ல. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நரம்புகளுக்கென்று மனிதர்களுக்கு விற்கும் சில பி வைட்டமின் மாத்திரைகளில் ஆல்ஃபா லிபோயிக் அமிலமும் கலந்திருக்கும். பூனைக்கு அது நஞ்சு. தயமின் அப்படியல்ல, மிகுந்தால் சிறுநீரில் போய்விடும். அதனால்தான் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் முதலில் ஊசியைப் போடுகிறோம். காலத்தில் போட்டால் ஒரே நாளில் தலை நிமிரும் பூனைகள் உண்டு. அப்படித் தேறுவதே நோயை உறுதிப்படுத்திவிடும். பொட்டாசியம் குறைந்தாலும் கழுத்து இப்படித்தான் கவிழும் என்பதால், ரத்தப் பரிசோதனையையும் தவிர்க்க வேண்டாம்.

இனி மீன் விஷயம். கெண்டை, ஹெர்ரிங் போன்ற பல மீன்களின் உடலில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. தயமின் மூலக்கூற்றை இரண்டாக வெட்டுவதுதான் அதன் வேலை. உங்கள் பூனைக்குத் தயமின் போதாமல் போனதல்ல, வந்தது அழிக்கப்பட்டது. பச்சை மீனை வேறு உணவோடு பிசைந்து வைத்தால், தட்டிலேயே அந்த உணவின் தயமினும் போய்விடும். உறைய வைத்தாலும் நொதி சாகாது; நன்றாக வேகவைத்தால் செயலிழக்கும். 1930களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு பண்ணையில் பச்சைக் கெண்டை தின்ற நரிகள் வாதம் கண்டு செத்தன. பண்ணைக்காரரின் பெயரால் அந்த நோய் ‘சாஸ்டெக் வாதம்’ எனப்பட்டது.

தயமின் இல்லாவிட்டால் குளுக்கோஸ் பாதியிலேயே நின்றுவிடும். குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆனபின், அதை முழுமையாக எரித்து ஆற்றல் எடுக்க வேண்டிய நொதிக்குத் தயமினின் செயல்வடிவம் துணையாக இருந்தே தீர வேண்டும். துணை இல்லையென்றால் பைருவேட் தேங்கி லாக்டிக் அமிலமாகும். செல் பட்டினி கிடக்கும். குளுக்கோஸையே பெரிதும் நம்பியிருக்கும் மூளையும் ஓய்வறியாத இதயமும்தான் முதலில் அடிவாங்கும்.

தாவரங்களும் பல நுண்ணுயிர்களும் தயமினைத் தாமே செய்துகொள்கின்றன. விலங்குகளுக்கு அந்தத் திறன் இல்லை, சேமிப்பும் சொற்பம். மனித உடலிலேயே மொத்தம் 25 முதல் 30 மில்லிகிராம்தான் இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 மில்லிகிராம் தேவை. வரவு நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் கையிருப்பு காலி. நாயைவிடப் பூனைக்குத் தேவை அதிகம் என்பதால் அது இன்னும் எளிதில் விழுகிறது. மாடு, ஆடுகளின் அசைபோடும் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தயமின் தயாரித்துக் கொடுக்கும்; தானியத்தை அளவுமீறிக் கொட்டினால் அங்கேயே தயமினேஸ் சுரக்கும் பாக்டீரியா பெருகி, பார்வை போய்த் தடுமாறும் நிலை வரும். பெரணி வகை ஒன்றைத் தின்னும் குதிரைக்கும் இதே கதிதான்.

மனிதர்களிடம் இது பெரிபெரி. தீட்டிய அரிசியையே நம்பியவர்களிடம் முன்பு பரவலாக இருந்தது. இன்று மதுவுக்கு அடிமையானவர்களையும், கர்ப்பகாலத்தில் ஓயாமல் வாந்தி எடுப்பவர்களையும், இரைப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களையும் பார்த்தால் மருத்துவர்கள் தயமினை நினைப்பார்கள். அவர்களுக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

பூனை தேறியபின் முழுச்சத்துள்ள பூனை உணவுக்கு மாறுங்கள். மீனை வேகவைத்து எப்போதாவது கொடுங்கள். சல்பைட் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சியும் வேண்டாம், அதுவும் தயமினை அழிக்கும். வீட்டில் வேறு பூனையும் இதே மீனைத் தின்றிருந்தால், தலை கவிழும்வரை காத்திருக்காமல் அதையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.