பாட்டியின் சால்வையும் மருமகளின் நடனமும்

கேள்வி: என் மருமகள் மெக்சிகோ வம்சாவளிப் பெண், டெக்சாஸில் பிறந்தவள். சிறுவயது முதல் அகலப் பாவாடை சுழற்றி ஃபோல்க்லோரிகோ என்ற மெக்சிகோ நாட்டுப்புற நடனம் ஆடியவள், இப்போது அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு நவீன நடனம் ஆடுகிறாள். இறந்துபோன பாட்டியின் ரெபோசோ சால்வையை மேடைத் தரையில் போட்டு இழுக்கிறாளாம். சம்பந்தியம்மா என்னிடம் அழுகிறார். போன மாதம் நிகழ்ச்சிக்குப் போனோம். பேத்திக்குத் தூக்கம் வந்ததால் இடைவேளையிலேயே கிளம்பிவிட்டோம், அவள் ஆடியது அதற்கப்புறம். பண்பாட்டை விடாதே என்று நான் எடுத்துச் சொல்லலாமா?
- வாசகி, சான் அன்டோனியோ

பதில்: சொல்லக் கூடாது. மருமகள் மேடை ஏறும் முன்பே எழுந்து வந்திருக்கிறீர்கள். அதைப் போகிற போக்கில் எழுதியும் விட்டீர்கள். பேத்தியை ஒருவர் வெளியே தூக்கிப் போயிருந்தால் போதாதா? ஆடியது உங்கள் மகனாக இருந்தால் கிளம்பியிருப்பீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். ஆடி முடித்ததும் அந்தப் பெண் கண் உங்களைத்தான் தேடியிருக்கும். மாமியார் என்றால் முதலில் வந்து உட்கார வேண்டும். புத்தி சொல்கிற உரிமையெல்லாம் அப்புறம்தான்.

சரி, பண்பாட்டுக்கு வருவோம். சம்பந்தியம்மா பழமை என்று நினைக்கிற அந்த மேடை ஃபோல்க்லோரிகோவை உலகம் அறியச் செய்தவர் அமாலியா எர்னாந்தெஸ். பாலேயும் நவீன நடனமும் கற்றவர். 1952-ல் குழு தொடங்கி, பல வட்டாரங்களின் ஆட்டங்களை மேடைக்கேற்ப மாற்றி அமைத்தார். இன்று கட்டிக்காக்க நினைப்பதிலேயே ஒரு நவீன நடனக்காரியின் கை இருக்கிறது. ஹோசே லிமோனும் அப்படித்தான். 1908-ல் மெக்சிகோவின் குலியாகானில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, நவீன நடனத்தில் பெரும் பெயர் எடுத்தவர். 1949-ல் அவர் அமைத்த 'லா மலிஞ்சே' என்ற நடனம் ஸ்பானியர் படையெடுத்த காலத்து மெக்சிகோவின் கதை. அவரை யார் பண்பாட்டை விட்டவர் என்பார்கள்?

ரெபோசோவில்தான் மெக்சிகோத் தாய்மார்கள் பிள்ளையைக் கட்டிச் சுமப்பார்கள். அந்தப் பாட்டி உங்கள் சம்பந்தியை இதே துணியில் சுமந்தாரோ என்னவோ. ஏன் இழுக்கிறாய் என்று விசாரிக்க வேண்டாம், பாட்டி எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். மீதியை அவளே சொல்வாள். பாட்டியை மறந்தவள் அவர் துணியை மேடைக்கு எடுத்துப் போக மாட்டாள்.

சம்பந்தியம்மாவின் அழுகையை மருமகளிடம் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு அவரையும் கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பேத்தி நாளைக்கு என்ன ஆட்டம் கற்பாள் என்ற பேச்சு வந்தால், அது அவளைப் பெற்றவர்கள் முடிவு என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.