ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நீங்களே பாடுங்கள்

கேள்வி: குழந்தைகள் காப்பகம் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அறையில் ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை பத்துக் குழந்தைகள். தினமும் அரை மணி நேரம் பாட்டும் ஆட்டமும் உண்டு. ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, நான் முன்னால் நின்று ஆடிக் காட்டுவேன். இரண்டு பேர் பார்த்து ஆடுவார்கள். மற்றவர்கள் அறை முழுக்க ஓடுவார்கள். ஒரு பையன் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பான், ஒரு பெண் காதைப் பொத்திக்கொள்வாள். எல்லாரும் ஒரே மாதிரி ஆடுகிற வீடியோ வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் பிரச்சினையே இல்லை. பாட்டைக் கேட்டதும் இரண்டு வயதுக் குழந்தை ஓடுகிறது என்றால் அது பாட்டைக் கவனிக்கிறது என்றுதான் அர்த்தம். 5 மாதம் முதல் 24 மாதம் வரையுள்ள குழந்தைகளைக் கவனித்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. பேச்சைக் கேட்டபோது அசைந்ததைவிட, இசையும் தாளமும் கேட்டபோது அவர்கள் கூடுதலாக அசைந்தார்கள். ஆனால் தாளத்தோடு கச்சிதமாக ஒட்டி ஆடவில்லை. அந்த வயதில் அது வராது. அதனால் குழந்தைகள் பாட்டைப் பின்பற்ற வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பாட்டுதான் குழந்தையைப் பின்பற்ற வேண்டும். ஸ்பீக்கரால் அது முடியாது, உங்கள் குரலால் முடியும்.

வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் சாதாரணமாக நடக்கும்போது நிமிடத்துக்கு சுமார் 115 அடி வைக்கிறோம். ஒரு வயதில் புதிதாக நடக்கத் தொடங்கும் குழந்தை வைப்பது சுமார் 175 அடி. குட்டிக் கால், அதனால் அடிக்கடி வைத்தால்தான் விழாமல் இருக்க முடியும். நமக்கு இதமாக இருக்கும் பாட்டுக்கு நடக்கச் சொன்னால் அந்தக் குழந்தை ஒவ்வொரு அடியிலும் தடுமாறும். ஒரு குழந்தையின் காலைப் பாருங்கள், அந்தக் கால் விழும் வேகத்தில் ‘நட நட நட நட’ என்று பாடுங்கள். சட்டென்று நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். தன் நடைதான் பாட்டாகியிருக்கிறது என்பது அதற்குப் புரிந்துவிடும்.

ஆள் முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2009-இல் வெளியான ஆய்வில் சின்னக் குழந்தைகளை மேளம் தட்டவிட்டார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகள்கூட, ஒலிபெருக்கியில் வரும் சத்தத்தையோ இயந்திரத்தையோவிட, எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டியபோது அவரோடு நன்றாகச் சேர்ந்து தட்டினார்கள். உங்களுக்குச் சுதி சேராது, குரல் நன்றாக இல்லை என்ற கவலையெல்லாம் வேண்டாம். அந்த அறையில் அதைக் கணக்குப் பார்க்க யாரும் இல்லை.

இனி, ஓடுகிறவர்களுக்கு. ஓட்டத்தையே ஆட்டமாக்குங்கள். ‘நட நட நட நட... நில்!’ இவ்வளவுதான் பாட்டு. நில் என்று சொன்னதும் இரண்டு நொடி அமைதி, அப்புறம் திரும்பவும் நடை. முதல் வாரம் யாரும் உடனே நிற்க மாட்டார்கள். ஓடுகிற உடம்பை நிறுத்துவது இந்த வயதில் பெரிய வேலை. காது கேட்ட பிறகும் கால் இரண்டு மூன்று அடி போய்த்தான் நிற்கும். அதனால் நிறுத்துவதற்கு முன் கொஞ்சம் வேகத்தைக் குறையுங்கள், மூச்சை இழுங்கள். அந்த மூச்சைக் குழந்தைகள் பிடித்துக்கொள்வார்கள். சில நாளில் பாருங்கள்: வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஒரு குதிகால் தரையைத் தொடாமல் தொங்க, உங்கள் வாயையே பார்த்தபடி அடுத்த ‘நட’வுக்காக நிற்பார்கள். காத்திருக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பாட்டின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நான்கைந்து நொடி சும்மா இருப்பதும் இதே மாதிரிதான். இன்னும் பேச்சு வராத குழந்தைகூட ஏதோ ஒரு சத்தத்தைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பும். ஆனால் அதற்கு அந்தப் பாட்டு நன்றாகப் பழகியிருக்க வேண்டும். தினம் ஒரு புதுப் பாட்டு வேண்டாம். நான்கைந்து பாட்டை மூன்று வாரம் பாடுங்கள். உங்களுக்கு அலுத்துப்போகும் சமயத்தில்தான் அவர்களுக்கு அது கைவரும்.

அரை மணி நேரம் ஒரேயடியாக வேண்டவே வேண்டாம். ஐந்து முதல் எட்டு நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு தடவை போதும். ஒரு வயதுக்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு நாள் முழுவதும் பரவலாகக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. கை கழுவப் போகும்போது பாடிக்கொண்டே பதுங்கிப் போவதும் அந்தக் கணக்கில் சேரும்.

அசைவுகளைத் தேர்ந்தெடுக்கும்போது வயதைப் பாருங்கள். இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக் குதிப்பது இரண்டு வயதை ஒட்டித்தான் வரும். ஒற்றைக் காலில் நிற்பதற்கு மூன்று வயதாவது ஆக வேண்டும். ஆட்டத்தில் உற்சாகம் வந்ததும் பெரியவர்கள் செய்யும் ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள்: கையைப் பிடித்துத் தூக்குவது, சுற்றுவது. நான்கு வயது வரை முழங்கை மூட்டு எளிதில் நழுவிவிடும். தூக்குவதென்றால் அக்குளுக்கு அடியில் பிடித்துத் தூக்குங்கள். கிலுகிலுப்பையை நீங்களே செய்தால் மூடியைப் பசை போட்டு ஒட்டி, தினமும் இழுத்துப் பாருங்கள். உள்ளே போடும் மணிகள் வெளியே வந்தால் மூச்சுக் குழாயை அடைத்துவிடும். பட்டன் பேட்டரி போட்ட இசைப் பொம்மைகளில் பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்படாமல் இருந்தால் அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

ஓரமாக நிற்கும் பையனை இழுத்து வராதீர்கள். பார்ப்பதும் கற்பதுதான். வீட்டில் பாட்டு முழுவதையும் செய்து காட்டுகிறானா என்று அம்மாவிடம் கேளுங்கள், பல சமயம் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். ஆனால் பெயர் சொல்லி அழைத்தாலும் பாடினாலும் முகத்தைத் திருப்பவே இல்லை என்றால் செவித்திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

காதைப் பொத்துகிற பெண்ணுக்கு ஸ்பீக்கரை அணைத்ததிலேயே பாதி சரியாகலாம். மீதிக்கு, சத்தத்தை அவள் கையில் கொடுங்கள். மேளத்தை முதலில் அவள் தட்டட்டும், அவள் தட்டுகிற அளவுக்குத்தான் மற்றவர்கள் தட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த அறை எல்லாருக்குமே அதிகச் சத்தமான அறைதான்.

சரி, வீடியோ. மூன்று வயதுக்குள் பத்துக் குழந்தைகள் ஒரே மாதிரி ஆட வேண்டுமென்றால் அவர்களை நிறுத்தி, அதட்டி, திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்க வேண்டும். அதை நீங்கள் செய்யாதீர்கள் என்று வேண்டியே கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர் கேட்பது தன் குழந்தை என்ன கற்றது என்று பார்க்கத்தானே. ‘நில்’ ஆட்டத்தைத் தரையோடு கேமராவை வைத்து ஒரு நிமிடம் எடுங்கள். கூடவே, ‘போன வாரம் நிற்காமல் ஓடினான், இன்று இரண்டடியில் நின்றான்’ என்று எழுதி அனுப்புங்கள். படத்தில் வேறு குழந்தைகள் தெரிந்தால் அனுப்புவதற்கு முன் அவர்களுடைய பெற்றோரிடமும் அனுமதி வாங்கிவிடுங்கள்.