ஷீல்டு இருக்கே, கண்ணாடி எதுக்கு?

பட்டறைக் கேள்விகளுக்கு அண்ணாச்சி பதில் சொல்கிறார். தாணே வாக்ளே தொழிற்பேட்டையில் டூல்ரூம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது முலுண்டுவாசி. இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே கண்ணைப் பற்றியவை.

அண்ணாச்சி, வீட்டு கேலரியில் (பால்கனியில்) சின்ன மர லேத் போட்டிருக்கிறேன். இதுவரை பேனா, பூரிக்கட்டை என்று கடைந்துகொண்டிருந்தேன். அடுத்து பத்து அங்குலக் கிண்ணம் ஒன்று கடைய ஆசை. அதற்காக முகம் முழுக்க மறைக்கிற ஷீல்டு வாங்கிவிட்டேன். ஷீல்டு இருக்கும்போது உள்ளே கண்ணாடியும் எதற்கு? நான் பவர் கிளாஸ் போடுகிறவன். அதுவே போதாதா?
— வாசகர், டோம்பிவிலி

போதாது தம்பி. முதலில் கண்ணாடி, அதற்கு மேல்தான் ஷீல்டு.

ஷீல்டு கன்னத்தையும் பல்லையும் காக்க வந்தது. தாடைக்குக் கீழே அது திறந்துதான் கிடக்கிறது. லேத் மேல் குனிந்து நிற்கிறவனுக்குச் சீவல் எங்கிருந்து வருகிறது? உளியில் கிளம்பி, நெஞ்சில் மோதி, தாடை வழியாக மேலே ஏறுகிறது. அதுபோக, பாதி வேலையில் ஷீல்டைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு 'எப்படி வந்திருக்கு' என்று எட்டிப் பார்ப்பீர்கள். பார்க்காத கடைசல்காரரை நான் கண்டதில்லை. அப்போது மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கண்ணாடி கண்ணோடு கிடந்தால் அந்த எட்டிப் பார்த்தலுக்கும் காவல் உண்டு.

என்ன ஷீல்டு வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. 2020-இல் கொரோனாவுக்காக வாங்கி அலமாரிக்கு மேல் போட்ட மெல்லிய ஷீட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எச்சில் தெறிப்பதைத் தடுக்கச் செய்தது. மரத்துண்டுக்கு அது ஒரு காகிதம். பாலிகார்பனேட் என்கிற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த ஷீல்டாக இருக்க வேண்டும். ஓரத்தில் இ.என். 166 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், பக்கத்தில் எஃப், பி, ஏ என்று ஏதாவது ஓர் எழுத்தும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். 0.86 கிராம் எடையுள்ள சின்ன எஃகுக் குண்டை எந்த வேகத்தில் அடித்துச் சோதித்தார்கள் என்பதுதான் அந்த எழுத்து. எஃப் என்றால் நொடிக்கு 45 மீட்டர், பி என்றால் 120, ஏ என்றால் 190. அமெரிக்கச் சரக்காக இருந்தால் இசட் 87 பிளஸ். நம் ஊர்த் தரம், கண்ணாடிக்கு ஐ.எஸ். 5983, பிளாஸ்டிக் ஷீல்டுக்கு ஐ.எஸ். 8521. மும்பையின் பட்டறைச் சாமான் கடைவீதியான நாக்தேவி தெருவில் எந்த எழுத்தை வேண்டுமானாலும் அச்சடித்து விற்பார்கள் என்பதும் உண்மை. அதனால் பில் கொடுக்கிற, கம்பெனிச் சரக்கு வைத்திருக்கிற கடையாகப் பார்த்து ஏறுங்கள்.

இனிதான் கிண்ணத்துக்கு வருகிறேன். அடியின் பலத்தை ஜூல் கணக்கில் அளப்பார்கள்; பி எழுத்து ஷீல்டு தாங்குகிற அடி ஏறக்குறைய 6 ஜூல். பத்து அங்குலக் கட்டை நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு 12 மீட்டர் போகும். அதிலிருந்து ஒரு கிலோ துண்டு பிய்ந்து வந்தால் 72 ஜூல். கணக்கை நீங்களே பாருங்கள். சீவலையும் சிம்பையும் ஷீல்டு தடுக்கும். வெடித்து வருகிற கட்டையை அது முழுசாகத் தாங்கும் என்று நம்பி நிற்கக் கூடாது. அதற்கு வேகத்தைக் குறைப்பதும், நிற்கிற இடத்தை மாற்றுவதும்தான் வழி. கடைசல்காரர்கள் கையில் ஒரு கணக்கு உண்டு: அங்குல விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவே வர வேண்டும். பத்து அங்குலத்துக்கு 600 முதல் 900 வரை. கட்டை இன்னும் உருண்டையாகவில்லை என்றால் 600-க்கும் கீழே தொடங்குங்கள். சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். விரிசல் கண்ட கட்டையை, பசை ஊற்றி ஒப்பேற்றலாம் என்று லேத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

பவர் கிளாஸ் விஷயம். சாதாரண மூக்குக் கண்ணாடியில் லென்ஸ் உடையாவிட்டாலும், அடி பட்டால் ஃபிரேமிலிருந்து கழன்று கண் பக்கமே விழும். பக்கவாட்டில் வேறு ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் மேலேயே மாட்டுகிற பெரிய சேஃப்டி கண்ணாடி கிடைக்கிறது. இருநூறு, முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். தினமும் வேலை செய்கிறவர் என்றால் உங்கள் பவரிலேயே, பக்க மறைப்போடு சேஃப்டி ஃபிரேம் போட்டுக்கொள்வது மேல். பைஃபோகல் போடுகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை: கீழ்ப் பகுதி வழியாகப் பார்க்க முகத்தைத் தூக்குவீர்கள். தூக்கினால் ஷீல்டின் அடிப்பக்கம் இன்னும் அகலமாகத் திறக்கும். வேலைக்கென்று கைக்கெட்டும் தூரத்துக்கு ஒற்றைப் பவரில் ஒன்று வாங்கி வையுங்கள்.

என் மாமனார் நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் வாங்கி, கிரில் துரு எடுப்பது, டைல்ஸ் வெட்டுவது என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓட்டுகிறார். கேட்டால், கூலிங் கிளாஸைக் காட்டுகிறார். மாமியார் சொல்லியும் கேட்பதில்லை. நான் எப்படிச் சொல்வது?
— வாசகி, செம்பூர்

நான் சொன்னதாகவே சொல்லுங்கள் அம்மா. பெரியவர் கிரிக்கெட் பார்ப்பவராக இருந்தால் வழி இருக்கிறது. வான்கடேயில் வேகப்பந்து வீச்சாளர் போடுகிற பந்து மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொட்டாலே கூட்டம் எழுந்து நிற்கிறது. நாலு அங்குல வீல் 11,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. வீலிலிருந்து பிய்கிற சில்லு அந்த வேகத்தில்தான் கிளம்பும். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு யாராவது பேட் பிடிப்பார்களா என்று கேளுங்கள்.

துரு எடுக்க அவர் வயர் கப் பிரஷ்தான் போட்டிருப்பார். வீலைவிட எனக்கு அதன்மேல்தான் பயம். கம்பி ஒவ்வொன்றாக உதிர்ந்து ஊசி போலப் பறக்கும். சட்டையில் குத்தி நிற்பதைப் பட்டறையில் தினமும் பார்க்கலாம். இதற்கு வெறும் கண்ணாடி போதாது. முகத்தோடு ஒட்டி உட்காருகிற காகிள்ஸ், மேலே ஷீல்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஷினை ஒரு பார்வை பாருங்கள். வீலை மறைக்கிற கார்டு கழற்றப்பட்டிருந்தால் திரும்ப மாட்டும்வரை பிளக்கைக் கொடுக்காதீர்கள். வீலில் அச்சடித்த சுற்று, மெஷினின் சுற்றைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. வீலின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும். மருந்து அட்டையில் தேதி பார்க்கிற நம் ஆட்கள் இதைப் பார்ப்பதே இல்லை. கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது. மரம் அறுக்கிற பல் பிளேடை இந்த மெஷினில் மாட்டியிருந்தால், அதைத் தூக்கி பங்கார்வாலாவிடம் (பழைய இரும்புக்காரரிடம்) போடுங்கள். மாமனார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேலரிக்குப் பேரப்பிள்ளை வருமென்றால், அதற்கும் ஒரு கண்ணாடி; இல்லையேல் கதவைச் சாத்துங்கள். பொறி எதிர் வீட்டுக் கொடித் துணியில் போய் விழாமல் பார்ப்பது வேறு விஷயம். அதற்கு சொசைட்டி செக்ரட்டரி இருக்கிறார்.

கண்ணாடி போட்டால் ஜூலை மாதப் புழுக்கத்தில் ஐந்து நிமிடத்தில் ஆவி படிந்துவிடுகிறது. கழற்றாமல் என்ன செய்வது?
— வாசகர், பாண்டுப்

கண் போகிற பாதி சமாச்சாரம் இங்கேதான். வாங்கவில்லை என்பதல்ல, வாங்கியதைக் கழற்றி நெற்றியில் வைப்பதுதான். ஆவி படியாத பூச்சு போட்டது என்று கேட்டு வாங்குங்கள். பின்னாலிருந்து ஃபேன் காற்று முதுகில் படட்டும், முகத்துக்கு நேரே வேண்டாம். தலையில் துணி கட்டினால் வியர்வை இறங்காது. முகமூடி போடுகிறீர்கள் என்றால், மூக்குக்கு மேல் அதன் கம்பியை நன்றாக அழுத்தி வளையுங்கள். மூச்சு மேலே போவதால்தான் லென்ஸ் மங்குகிறது.

வெல்டிங் மெஷின் வாடகைக்கு எடுத்து வீட்டு கேட்டைப் பற்றவைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணில் மண் போட்ட மாதிரி எரிச்சல், தண்ணீராகக் கொட்டியது. பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால் விடச் சொன்னார்கள், இன்னொருவர் உருளைக்கிழங்கு வைக்கச் சொன்னார். எது சரி?
— வாசகர், தாராவி

இரண்டும் வேண்டாம். வெல்டிங் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. உடனே தெரியாது, ஆறு, எட்டு மணி நேரம் கழித்துத்தான் காட்டும். அதனால்தான் எல்லோருக்கும் நடுராத்திரியில் வருகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். ஆனால் சுட்ட கண்ணில் பாலையும் கிழங்கையும் வைத்தால் கிருமிக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்துப்போகிற சொட்டு மருந்தை யாராவது வீட்டுக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். வலி போகும், புண் ஆறாது.

100 ஆம்பியர் வேலைக்கு 10 அல்லது 11-ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி வேண்டும். வெல்டிங் ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் வெள்ளை சேஃப்டி கண்ணாடி போடுங்கள். பற்றவைத்து முடித்ததும் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுச் சுத்தியலால் கசடைத் தட்டுவோம் அல்லவா, சூட்டோடு தெறிக்கிற அந்தக் கசடு நேரே கண்ணுக்குத்தான் வரும்.

உளியைச் சுத்தியலால் அடித்தபோது மச்சானுக்குக் கண்ணில் ஏதோ பட்டது. ஒரு நிமிடம் சுருக்கென்றது, பிறகு வலியே இல்லை என்கிறான். விட்டுவிடலாமா?
— வாசகர், சயான் கோலிவாடா

இந்தப் பத்திரிகையை மடக்கி வைத்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சயான் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தானே. இரும்பும் இரும்பும் மோதித் தெறிக்கிற துணுக்கு, கண்ணைத் துளைத்து உள்ளே போய் உட்கார்ந்துவிடும். துளை மிகச் சின்னது, வலி இருக்காது, பார்வைகூட நன்றாகவே தெரியலாம். உள்ளே கிடக்கும் இரும்பு துரு பிடித்து, மாதக்கணக்கில் பார்வையைத் தின்றுவிடும்.

கசக்கக் கூடாது, அழுத்திக் கட்டுப் போடக் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணின் மேல் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு போகலாம். சுத்தியலும் உளியும் என்று மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் எக்ஸ்ரே, சி.டி. எடுப்பார்கள். துணுக்கு இல்லை என்று தெரியும்வரை எம்.ஆர்.ஐ. மெஷின் பக்கமே போகக் கூடாது. காந்தம் துணுக்கை நகர்த்திவிடும்.

கிரைண்டர் தூசி கருவிழியின் மேல் ஒட்டிக்கொண்டால் அது வேறு கதை. பட்டறையில் எப்போதும் ஒருவர் தீக்குச்சி முனையால் எடுத்துவிடுவதில் கெட்டிக்காரராக இருப்பார். அவரிடம் கண்ணைக் கொடுக்காதீர்கள். இரும்புத்தூள் சில மணி நேரத்திலேயே சுற்றி ஒரு துரு வளையம் போட்டுவிடும். தூளை எடுத்தாலும் வளையம் நிற்கும். அதை மைக்ராஸ்கோப் வைத்துத்தான் எடுக்க முடியும்.

ஷீல்டில் பெயின்ட் தெறித்துவிட்டது. தின்னர் போட்டுத் துடைக்கலாமா?
— வாசகர், முலுண்டு

தின்னரும் அசிட்டோனும் பாலிகார்பனேட்டைக் கெடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓடி, அடுத்த அடியில் உடையும். சோப்புத் தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி. காய்ந்த தூசியோடு தேய்த்தால் கீறல் விழும், முதலில் குழாயில் காட்டிக் கழுவுங்கள். கழற்றும்போது குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கழற்றுங்கள். புருவத்திலும் தலைமுடியிலும் தங்கியிருக்கிற தூள் அப்போதுதான் கண்ணில் விழும். பெயின்ட் போகவில்லை என்றால் வைசரை (முன்னால் இருக்கும் தகட்டை) மட்டும் மாற்றலாம், தலைப்பட்டி அப்படியே இருக்கட்டும். மாடல் நம்பர் சொன்னால் நாக்தேவியில் தனியாகக் கிடைக்கும்.