உலாவியில் எதை எங்கே வைப்பது? கேள்வி பதில்

திருகோணமலையில் இணையச் செயலி எழுதுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: கொட்பே துறைமுகத்தில் மீன் கொள்வனவைப் பதியச் செயலி எழுதுகிறேன். சிக்னல் அடிக்கடி போய்விடுகிறது. லோக்கல் ஸ்டோரேஜ் போதுமா?

பதில்: போதாது. அது உலாவிக்குள் இருக்கும் எளிய சேமிப்பிடம்; ஒரு தளத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி இடமே தரும். எழுத்துச் சரங்களை மட்டுமே ஏற்கும். எழுதி முடியும்வரை பக்கத்தின் மற்ற வேலைகளையும் நிறுத்தி வைக்கும். "அறுக்குளா, 6 கிலோ" என்று ஒரு வரியைச் சேர்க்க முழுப் பட்டியலையும் ஜேசனாக (எழுத்து வடிவத் தரவாக) மாற்றித் திரும்ப எழுத நேரும். பட்டியல் நீண்டபின், மலிவான கைத்தொலைபேசியில் தொட்ட பொத்தான் அசையாமல் நிற்பதைக் கண்ணாலேயே காண்பீர்கள். உலாவிக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்டு டிபி ஒவ்வொரு வரியையும் தனிப் பதிவாக வைக்கும். படகு வாரியாகவும் திகதி வாரியாகவும் தேட இடம் கொடுக்கும். தராசின் படத்தைக்கூட அப்படியே ஏற்கும். செயலியின் பக்கங்களையும் நிரல் கோப்புகளையும் கேஷ் ஏபிஐ என்ற கோப்புச் சேமிப்பிடத்தில் வைத்து, சேர்விஸ் வேர்க்கர் (இணைப்பு இல்லாதபோதும் பின்னணியில் இயங்கும் நிரல்) வழியாகக் கொடுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் தனி இலக்கத்தைக் கைத்தொலைபேசியிலேயே உருவாக்கி, "அனுப்பவில்லை" என்ற குறியோடு வையுங்கள். வழங்கி (தரவைப் பெற்று வைக்கும் மையக் கணினி, server) ஏற்றுக்கொண்ட பின்பே குறியை மாற்றுங்கள். இணைப்பு அறுந்து இரண்டாம் முறை போனாலும், வழங்கி அந்த இலக்கத்தைப் பார்த்து இரட்டைப் பதிவைத் தவிர்க்கலாம். உலாவியில் இருப்பது பிரதி மட்டுமே. மூலம் வழங்கியில் இருக்க வேண்டும்.

கேள்வி: கிண்ணியாவில் என் கடைப் பட்டியலில் 50 வரிகள்தான். அதற்கு இன்டெக்ஸ்டு டிபி வீண் சுமையல்லவா?

பதில்: நிறத் தெரிவு, மொழித் தெரிவு போன்றவற்றுக்கு லோக்கல் ஸ்டோரேஜே பொருத்தம். ஆனால் பட்டியலையும் அதிலேயே வைத்து, உலாவியில் இரண்டு டப்கள் (tabs) திறந்திருந்து, இரண்டும் பழைய பட்டியலை வாசித்து ஆளுக்கொரு வரி சேர்த்தால், பிந்தி எழுதியது முந்தியதை அழித்துவிடும்.

அவரே: கடையில் ஒரே டப்தான் திறந்திருக்கும். மேலும், இன்டெக்ஸ்டு டிபியின் பரிவர்த்தனை (ஒரே தொகுதியாகச் செய்யும் வாசிப்பும் எழுத்தும்) இடையில் தானாக முடிந்துவிடுகிறது.

பதில்: ஒரே டப்தான் என்று இன்று நீங்கள் சொல்லலாம், நாளை வேலைக்கு வருபவர் இன்னொன்றைத் திறப்பார். சேர்விஸ் வேர்க்கரால் லோக்கல் ஸ்டோரேஜைத் தொடவே முடியாது என்பதையும் கணக்கில் எடுங்கள். பரிவர்த்தனை பற்றி நீங்கள் கண்டது உண்மை: நடுவில் வழங்கியின் பதிலுக்காகக் காத்திருந்தால் அது மூடிக்கொள்ளும். பதிலை முதலில் பெற்று, அதன் பிறகே பரிவர்த்தனையைத் திறவுங்கள்.

கேள்வி: நிலாவெளி விடுதிச் செயலியில் உள்நுழைவு டோக்கனை (உள்நுழைந்தவர் யார் என்று காட்டும் குறியீட்டை) எங்கே வைப்பது?

பதில்: எச்டிடிபி-ஒன்லி குக்கியில், அதாவது பக்கத்தின் நிரலால் வாசிக்க முடியாத குக்கியில். லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தால், பக்கத்துக்குள் புகுந்த எந்த அந்நிய நிரலும் அதை வாசித்துவிடும்.

கேள்வி: படங்களை லோக்கல் ஸ்டோரேஜில் வைக்கலாமா?

பதில்: முதற் பதிலை வாசியுங்கள்.

கேள்வி: ஐபோனில் தரவு தானாக அழியுமா?

பதில்: அழியும். 2020 முதல் சபாரி, பயனர் ஒரு தளத்தைத் தொடாமலே உலாவியை 7 நாட்கள் பயன்படுத்தினால், அத்தளத்தின் நிரல் எழுதிய சேமிப்பை நீக்குகிறது. இன்டெக்ஸ்டு டிபியும் அதில் அடங்கும். முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு நாட்கணக்கு வேறு. எனவே திரும்பச் சொல்கிறேன்: மூலம் வழங்கியில் இருக்கட்டும்.

கேள்வி: வழங்கி அனுப்பும் பதிலின் தலைப்பில் நோ-கேஷ் என்று போட்டும் உலாவி சேமிக்கிறதே?

பதில்: சேமிக்கும், பயன்படுத்துமுன் வழங்கியிடம் கேட்கும், அவ்வளவே. சேமிக்கவே கூடாதென்றால் நோ-ஸ்டோர் என்று எழுதுங்கள்.