ஆணே இல்லாமல் பல்லி எப்படித் தீவு தீவாகப் பரவுகிறது?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் தமிழ் வகுப்புப் பையன் ஒருவன் இதையொட்டித்தான் கேட்டான்: "சுவரில் இருக்கும் பல்லி எல்லாம் பெண்தானாமே?" இல்லை. மொரிஷியஸ் வீடுகளில் விளக்கடியில் சத்தம் போடுவது சாதாரண வீட்டுப்பல்லி. அதில் ஆணும் உண்டு. (அது கத்தினால் என் பாட்டி உடனே பலன் பார்ப்பார்.)

அவன் கேள்விப்பட்டது லெபிடோடாக்டைலஸ் லுகுப்ரிஸ் என்ற சிறு பல்லியாக இருக்கும். வேறு இனங்கள் கலந்து உருவானது. ஏறக்குறைய எல்லாமே பெண். விந்து சேராமலே முட்டை வளரும், குஞ்சு தாயின் நகல். ஒரு முறைக்கு ஒன்றோ இரண்டோ முட்டையை மரப்பட்டை இடுக்கில் ஒட்டிவிடும். ஓடு கெட்டி, உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஆகவே படகுச் சரக்கிலோ மிதக்கும் கட்டையிலோ ஒரே ஒரு முட்டை வந்து சேர்ந்தாலும் குடித்தனம் தொடங்கிவிடலாம்.

நம் தோட்டத்து மண்ணிலேயே இதற்கு உறவுக்கதை இருக்கிறது: புழுப்பாம்பு. அதுவும் பெண்கள் மட்டும்தான். பூந்தொட்டி மண்ணோடு உலகையே சுற்றியது.

சரி, அப்படியானால் ஆணில்லாப் பல்லிதான் எங்கும் வெல்லுமா? பசிபிக் தீவுகளில் நடந்தது நேர்மாறு. விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்க்கும் கட்டடங்களில் வீட்டுப்பல்லி வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. மொரிஷியஸிலும் நம் சொந்த இரவுப்பல்லிகள் இன்று கடலோரக் குட்டித் தீவுகளில் மட்டுமே மிஞ்சியிருப்பதில் இந்த வீட்டுப்பல்லிக்குப் பெரிய பங்கு உண்டு.