தோலின் மேல் அடிக்காதீர்கள்

கேள்வி: ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன். கற்கால மனிதர்களைப் போலக் கல்லைச் செதுக்கி ஒரு கைக்கோடரி செய்து பார்க்க ஆசை. இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் வேலை பார்க்கும் என் மச்சான், அங்கே ஒரு பண்ணைக்காரரிடம் கேட்டு வாங்கிய மூன்று சிக்கிமுக்கிக் கற்களைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் சின்னத் தேங்காய் அளவு. வெளியே அரை அங்குலத்துக்கு வெள்ளைத் தோல். சுத்தியலால் அடித்தால் வெள்ளைத் தூள்தான் கொட்டுகிறது, கல் உடைய மாட்டேன் என்கிறது. தோலை முதலில் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து கிரைண்டரைத் தொடாதீர்கள். அந்தக் கல் முழுக்க சிலிக்கா. கிரைண்டர் அதை மாவாக்கிக் காற்றில் பறக்கவிடும். கல்குவாரியிலும் கல் அறுக்கும் பட்டறையிலும் உழைப்பவர்களின் நுரையீரலைத் தின்னும் சிலிக்கோசிஸ் இந்த மாவினால்தான் வருகிறது. இங்கிலாந்தில் பிராண்டன் என்ற ஊரில் துப்பாக்கிகளுக்காக இதே கல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கொத்தியவர்கள் பலர் இந்த நோயால் இளம் வயதிலேயே இறந்தார்கள். தோலை நீக்க அடி ஒன்றே போதும். அது எங்கே விழ வேண்டும் என்பதுதான் விஷயம்.

இந்தக் கல் சுண்ணப்பாறைக்குள் உருவாவது. உள்ளே இருப்பது மிக நுண்ணிய படிகங்கள் நெருங்கிக் கட்டிய சிலிக்கா. கண்ணாடியைப் போல உடையும். வெளித்தோலும் பெரும்பாலும் சிலிக்காதான். ஆனால் சுண்ணாம்பு கலந்து, நுண்துளைகளோடு இருக்கும். தலையணைக்கு மேல் அடித்தால் கட்டிலுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. உங்கள் அடியையும் அந்தத் தோல் அப்படித்தான் விழுங்கிவிடுகிறது. அதோடு கல் உருண்டையாக இருக்கிறது. உருண்டையின் நடு வயிற்றில் அடித்தால் விசை வெளியே போக வழி கிடைக்காது.

ஜன்னல் கண்ணாடியில் கோலி பட்டால் பட்ட பக்கம் சின்ன ஓட்டையும் மறுபக்கம் அகன்ற பள்ளமும் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். விசை கூம்பு வடிவில் விரிவதால் அப்படி ஆகிறது. கல் செதுக்குவது என்பது அந்தக் கூம்பின் ஒரு பக்கத்தை மட்டும் விளிம்போரமாக வெட்டி எடுப்பது. அதற்கு ஒரு தட்டையான தளமும், அதன் விளிம்பில் 90 டிகிரிக்குக் குறைந்த கோணமும் வேண்டும். 70, 80 டிகிரி என்றால் நல்லது. உருண்டைக் கல்லில் இரண்டும் இருக்காது. முதல் வேலை அவற்றை உண்டாக்குவதுதான்.

அடிப்பதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையில் தளர்வாக வைத்து, சின்னக் கூழாங்கல்லால் தட்டிக் கேளுங்கள். ‘ணங்’ என்று ஒலித்தால் நல்ல கல். ‘டொக்’ என்றால் உள்ளே விரிசலோ பொந்தோ இருக்கலாம்; தோல் அதை மறைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கல்லைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கல்லைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இவற்றில் பல, பழங்காலக் கடலடியில் உயிரினங்கள் தோண்டிய வளைகளில் உருவானவை. அதனால் இஞ்சிக் கிழங்கு மாதிரி விரல்கள், முண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். நமக்கு வாசலே அந்த முண்டுதான். அதன் கழுத்தில் ஓங்கி ஓர் அடி கொடுத்தால் முண்டு ஒடிந்து, கருப்பான, பளபளப்பான ஒரு வட்டம் தெரியும். அதுதான் உங்கள் முதல் தளம். முண்டே இல்லாத கல் என்றால், ஒரு முனையில் விளிம்பை ஒட்டி, கனமான கல்லால் சாய்வாக அடித்து ஒரு துண்டை எடுக்க வேண்டும். நுங்கு சீவுபவர் காயை நடுவில் வெட்டுவதில்லை, தலைப்பக்கமாகச் சீவித்தான் கண்ணைத் திறக்கிறார். அதே கணக்கு.

தளம் கிடைத்ததும் கல்லைத் திருப்புங்கள். இனி தோல் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அடி விழும் இடத்தில் தோல் இருக்கக் கூடாது. செதில் பெயர்ந்து விழும் வெளிப்பக்கத்தில் இருக்கலாம், இருக்கட்டும். உடைத்த தளத்தின் விளிம்பில் வெள்ளை வளையம் தெரியுமல்லவா? அந்த வளையத்தில் அடித்தால் விளிம்பு நொறுங்கும், அவ்வளவுதான். வளையத்தைத் தாண்டி, கருப்புக் கல்லில் அடியுங்கள். உங்கள் கல்லுக்குத் தோல் அரை அங்குலம் என்றால், விளிம்பிலிருந்து அரை அங்குலத்துக்குச் சற்று உள்ளே. அப்போது நல்ல கல்லும் தோலும் சேர்ந்து ஒரே செதிலாகப் பெயரும். செதில் தடிமனாக வரும் என்பதால் அடி பலமாக இருக்க வேண்டும். தயங்கி அடித்தால் செதில் பாதியிலேயே மடிந்து ஒடிந்து, படிக்கட்டு போல ஒரு தழும்பை விட்டுவிடும்.

முதல் செதில் போன இடத்தின் இரு ஓரமும் மேடாக இருக்கும். அடுத்த அடி அந்த மேட்டுக்கு நேர் பின்னால். விசை மேட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். இப்படியே சுற்றிவந்தால் தோல் தானாகக் கழன்றுவிடும். கடைசித் துளிவரை எடுக்க வேண்டியதில்லை. பழைய கைக்கோடரிகள் பலவற்றில் பிடிக்கும் பக்கம் தோலோடுதான் இருக்கிறது.

இரும்புச் சுத்தியலின் சின்ன முகம் அடிபடும் புள்ளியை நொறுக்கிவிடும். கைக்கு அடங்கும் உருண்டைக் கூழாங்கல் போதும். கல்லைத் திறக்க ஒரு கிலோ அளவில் ஒன்று, பிறகு அதில் பாதி எடையில் ஒன்று. வெளிநாட்டு வீடியோக்களில் மான் கொம்பு பயன்படுத்துவார்கள். நம் நாட்டில் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள். மெல்லிய செதில் எடுக்கும் கட்டம் வரும்போது தடித்த செம்புக் கம்பியே போதும்.

மூன்றே கற்கள் இருப்பதால் முதலில் வேறொன்றில் கை பழகுங்கள். காயலான் கடையில் உடைந்த பீங்கான் வாஷ்பேசின் கிடைக்கும். அதுவும் இதே விதமாகத்தான் உடையும். உங்கள் வீட்டருகே உள்ள பரங்கிமலைக் கல் உதவாது. அது சார்னோகைட் என்ற பாறை, பரல் பரலாக இருக்கும், சீராகச் செதில் வராது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கால மனிதர்களின் கற்கருவி, குவார்ட்சைட் என்ற வேறொரு பாறையால் ஆனது என்பதைக் கவனியுங்கள். சுற்றிலும் சார்னோகைட் கிடந்த இடத்திலும் அந்த மனிதர்கள் செதில் வரும் கல்லைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃபூட்டின் சேகரிப்பைப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தழும்பிலும் அடி எங்கே விழுந்தது என்று தேடிப் பழகினால் பாதி வித்தை கைவந்துவிடும்.

வேலையைத் திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் வீசும்படி உட்கார்ந்து செய்யுங்கள். என்95 முகமூடி, கண்ணாடி, மூடிய செருப்பு, தொடையில் தடித்த தோல் அல்லது நாலாக மடித்த பழைய ஜீன்ஸ், கீழே தார்ப்பாய். செதில் பிளேடைவிடக் கூர்மை. தூளைப் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து அள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்தச் சில்லுகளைக் கொசஸ்தலை ஆற்றுப் பக்கமோ, அதிரம்பாக்கம் போன்ற இடங்களிலோ கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அங்கே கிடைத்த கருவிகளின் காலம் 15 லட்சம் ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகிறது. நம் புதுச் சில்லு அதில் கலந்தால் நாளை ஆராய்பவர் ஏமாந்துபோவார். அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கவும் வேண்டாம். நீங்கள் செய்த கோடரியின் அடியில் அழியாத மையால் தேதியை எழுதி வையுங்கள். சில்லுகளைச் சாக்கில் கட்டி, ‘உடைந்த கண்ணாடி’ என்று மேலே எழுதிக் குப்பை எடுக்க வருபவரிடம் சொல்லிக் கொடுங்கள், அவர் கையைக் கிழித்துவிடாமல்.