ரேடியோவுக்கு ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்: கேள்வி பதில்

மீடியம் வேவ் ரேடியோவில் டிடெக்டருக்கு (அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டயோடு) பின்னால் வரும் ஆம்ப்ளிஃபையர் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் பாதி அதைப் பற்றித்தான்.

கே: காயில், கேங் கண்டன்சர், ஜெர்மானியம் டயோடு வைத்து ரேடியோ செய்தேன். இயர்போனில் முனகலாகக் கேட்கிறது. ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் சேர்க்க ரெசிஸ்டர் மதிப்புகளை எப்படி முடிவு செய்வது?

ப: முதலில் சத்தத்தை மறந்துவிட்டு டிசியை, அதாவது சிக்னல் வராதபோது நிற்கும் வோல்டேஜ்களை, கணக்குப் போடுங்கள். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர். பேட்டரி 9 வோல்ட், கலெக்டர் கரண்ட் சுமார் 1 மில்லிஆம்பியர். சிக்னல் மேலும் கீழும் ஆட இடம் வேண்டும் என்பதால் கலெக்டர் ஏறக்குறைய பாதி வோல்டேஜில் நிற்க வேண்டும். கலெக்டருக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே 4.7 கே (கிலோ ஓம்) போட்டால் அதில் 4.7 வோல்ட் விழும். சரி. எமிட்டரில் 1 கே, அங்கே 1 வோல்ட். பேஸ் அதைவிட 0.65 கூட, ஆக 1.65. அதற்கு பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 82 கே, கிரவுண்டுக்கு 18 கே. இந்த வழியில் 90 மைக்ரோஆம்பியர் ஓடுகிறது. பேஸ் எடுப்பது 5 மைக்ரோ போல. அதனால் கடைக்காரர் கொடுத்த டிரான்சிஸ்டரின் பீட்டா (பேஸ் கரண்டைப் பெருக்கும் மடங்கு) 200 ஆனாலும் 400 ஆனாலும் கலெக்டர் பெரிதாக நகராது.

இப்படியே விட்டால் கெயின் (சிக்னல் பெருகும் மடங்கு) ஐந்துக்கும் கீழே. எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 47 மைக்ரோஃபாரட் வையுங்கள். இப்போது சிக்னலுக்கு எமிட்டரில் மிஞ்சுவது டிரான்சிஸ்டரின் சொந்த 26 ஓம்தான். 4,700-ஐ 26-ஆல் வகுத்தால் 180. அடுத்த ஸ்டேஜை இணைத்ததும் குறையும், பரவாயில்லை. டிடெக்டரிலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் பேஸ் பக்கம்.

பவர் கொடுத்ததும் காதை வைக்காதீர்கள், மீட்டரை வையுங்கள். கலெக்டரில் 4 முதல் 5.5 வரை இருந்தால் நலம். 9 இருந்தால் டிரான்சிஸ்டர் தூங்குகிறது. 2-க்குக் கீழே இருந்தால் பேஸ் பயஸ் (பேஸுக்குக் கொடுக்கும் நிலையான வோல்டேஜ்) அதிகம்.

கே: நான் செய்தது வேலை செய்யவில்லை. என்ன காரணம்?

ப: கலெக்டரில் எத்தனை வோல்ட்?

கே: 547-க்குப் பதில் 2என்3904 போடலாமா?

ப: போடலாம். ஆனால் தட்டையான முகம் உங்களைப் பார்த்திருக்க, 547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். டேட்டாஷீட் பார்க்காமல் சால்டர் செய்யாதீர்கள்.

கே: 4.7 கே-வை எடுத்துவிட்டு அங்கேயே 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால்?

ப: 8-ஐ 26-ஆல் வகுங்கள். 0.3. காசு செலவழித்துச் சத்தத்தைக் குறைக்கிறீர்கள். ஸ்பீக்கருக்கு பிசி337, பிசி327 ஜோடி வேண்டும். இரண்டு பேஸுக்கும் நடுவே இரண்டு 1என்4148 டயோடு, இல்லையென்றால் மெல்லிய பேச்சு கரகரக்கும். ஸ்பீக்கருக்குத் தொடராக 220 மைக்ரோஃபாரட். ஒலி 90 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், சின்ன ஸ்பீக்கருக்கு அதுவே தாராளம். 547 ஜோடி வேண்டாம், அதன் எல்லை 100 மில்லிஆம்பியர்.

கே: 2என்2222 போடலாமா?

ப: 3904-க்குச் சொன்னதேதான். டேட்டாஷீட்.

கே: சிலிக்கானில் உயிரே இல்லை சார். ஜெர்மானியம் ஏசி128 போட்டால்தான் பழைய ரேடியோ சத்தம். 1954-இல் ரீஜென்சி டிஆர்-1 ரேடியோ நாலே நாலு ஜெர்மானியத்தில் பாடவில்லையா?

ப: பாடியது, 22.5 வோல்ட் பேட்டரியில். அதற்கு டிரான்சிஸ்டர் கொடுத்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அதே ஆண்டு சிலிக்கானையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது, ஐயா. ஜெர்மானியத்தின் லீக்கேஜ் (ஆஃப் நிலையிலும் கசியும் கரண்ட்) வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிக்கும். காலையில் சரியாக இருந்த பயஸ் மே மாத மத்தியானம் எங்கே நிற்கும்? பழைய ரேடியோவின் இனிமையில் பாதி, மரப்பெட்டியும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் தந்தது.

கே: (அவரே) லீக்கேஜ் குறைந்ததாகப் பொறுக்கி எடுத்தால்? பேட்டரி இறங்கினாலும் ஜெர்மானியம் கரகரக்காதே?

ப: அந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 0.2 வோல்ட்டிலேயே விழித்துக்கொள்வதால் புஷ்-புல்லில் (ஸ்பீக்கரை ஓட்டும் ஜோடியில்) அதற்கு அந்தச் சலுகை உண்டு. டிடெக்டர் டயோடுக்கும் அதனால்தான் ஜெர்மானியம் ஓஏ79-ஐத் தேடுகிறோம். ஆனால் புதிதாகச் செய்பவரிடம் 547-க்கு நேர்மாறான பிஎன்பி வகை ஏசி128-ஐக் கொடுத்தால் பேட்டரியும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களும் எல்லாம் திரும்ப வேண்டும். உங்களுக்குச் சுகம், அவருக்குச் சோதனை.

கே: (இன்னொருவர்) ஐயா சொல்வதுதான் சரி, ஜெர்மானியமே இனிமை.

ப: இதை இத்தோடு விடுவோம்.

கே: வால்யூமை ஏற்றினால் டப்டப்டப் என்று அடிக்கிறது.

ப: அவுட்புட் ஸ்டேஜ் இழுக்கும் கரண்டில் பேட்டரி வோல்டேஜ் ஆடுகிறது, அந்த ஆட்டம் முதல் ஸ்டேஜுக்குத் திரும்பி வருகிறது. முதல் ஸ்டேஜின் சப்ளையில் 100 ஓம் தொடராக, அதற்குப் பின் 100 மைக்ரோஃபாரட் கிரவுண்டுக்கு.

கே: எஃப்எம் கேட்குமா?

ப: இதில் கேட்காது.

கே: பேட்டரிச் செலவு கட்டுப்படியாகவில்லை. பழைய போன் சார்ஜரை வைக்கலாமா?

ப: வேண்டாம். அது தருவது 5 வோல்ட், மேலே போட்ட கணக்கு அதற்குச் செல்லாது. சார்ஜருக்குள் இருக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட்டோ மீடியம் வேவ் முழுக்க இரையும், ஸ்டேஷன் அதில் மூழ்கிவிடும். ஆறு பென்டார்ச் செல்லை ஹோல்டரில் தொடராகப் போடுங்கள். சின்ன 9 வோல்ட் பேட்டரியைவிடப் பல மடங்கு நாள் வரும்.